திரை முடியும் இடம்: குழுப்படங்களில் பின்திரையை நீட்டிய வரலாறு

பழைய குழுப்படம் ஒன்று கைக்குக் கிடைத்தால், நம் கண் முதலில் நடுவில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் போகும். படம் எடுத்தவர் விரும்பியதும் அதுவே. ஆய்வு மாணவர்கள் அந்த விருப்பத்துக்கு உடன்படாமல், முதலில் படத்தின் இரு ஓரங்களையும் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். பின்னால் தொங்கும் திரை எங்கே முடிகிறது, முடிந்த இடத்தில் என்ன தெரிகிறது, அங்கே நிற்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஓரத்தில்தான் விடை இருக்கிறது. இன்று அந்த ஓரம் வேகமாக மறைந்து வருகிறது. பழைய படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கித் தரும் ஒவ்வொரு கடையிலும், எவரும் கேளாமலேயே, பின்திரை படத்தின் விளிம்பு வரை நீட்டப்படுகிறது. இந்த நீட்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அது கணினிக்கு மிகவும் முந்தியது.

அடிப்படைச் சிக்கல் எளிய கணக்கு. திரைக்கு அளவு உண்டு, குடும்பத்துக்கு இல்லை. இன்றைய ஸ்டூடியோக்களில் தொங்கும் காகிதச் சுருளின் வழக்கமான அகலம் 107 அங்குலம், ஏறத்தாழ 9 அடி. தோளோடு தோள் உரச நிற்கும் ஒருவருக்கு ஒன்றரை அடி என்று கொண்டால் ஆறு பேரிலேயே 9 அடி நிரம்பிவிடும். அந்த ஆறு பேருக்கும் 9 அடித் திரை போதும் என்று நினைத்தால் அதுவும் பிழை. கேமரா 15 அடி தள்ளி நிற்கிறது. நிழல் விழாதிருக்கத் திரை ஆட்களுக்கு 5 அடி பின்னால் தொங்குகிறது என்றால், 9 அடி அகலக் கூட்டத்தை முழுவதும் தாங்குவதற்கு 12 அடித் திரை வேண்டும். பார்வைக் கோணம் விரிந்துகொண்டே போவதால் வரும் கணக்கு இது. ஆகவே ஒற்றை ஆளுக்காகவும் தம்பதிக்காகவும் வரைந்த திரை கூட்டுக்குடும்பத்தின் முன்னே தோற்பது ஏறத்தாழ விதி.

திரை ஏன் ஒற்றை ஆளின் அளவில் பிறந்தது என்பதற்கு ஐரோப்பிய வரலாற்றைச் சற்றுத் தொட வேண்டும். 1839இல் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்த லூயி டகேர் அதற்கு முன் நாடக அரங்குகளுக்குத் திரை தீட்டியவர்; பாரிசில் டையோரமா என்னும் மாபெரும் ஓவியத்திரைக் காட்சியை நடத்தியவர். இரண்டே ஆண்டுகளில், 1841இல், லண்டனில் தொழில் நடத்திய அந்துவான் கிளாதே உருவப்படங்களுக்கு ஓவியம் தீட்டிய பின்திரையைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை பெற்றார். 1854இல் திஸ்தேரி ஒரே தகட்டில் எட்டுச் சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் உருவப்படம் மலிந்தது. தூண், கைப்பிடிச் சுவர், தொலைவில் ஏரி, பாதி விலகிய பட்டுத்திரை என்ற அந்த மாளிகைக் காட்சி உலகெங்கும் பரவியது. கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றி நிற்கும் ஒருவரை மனத்தில் கொண்டு வரையப்பட்ட காட்சி அது.

தமிழ்நாட்டில் இந்தத் திரை வேறொரு மரபோடு வந்து கலந்தது. சென்னையில் 1856இல் ஒளிப்படக் கழகம் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுப்பயணமாக வந்த பார்சி நாடகக் குழுக்கள் ஓவியத்திரைகளை இங்கே பரப்பின. தமிழ் நாடகக் கம்பெனிகள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டன. தர்பார் திரை, நந்தவனத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை என்று மூட்டையாகக் கட்டி ஊர் ஊராக எடுத்துச் சென்றனர். நாடகத்துக்குத் திரை தீட்டிய கைகள் பிற படத்தொழில்களுக்கும் வந்தன. கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்திய சி. கொண்டையா ராஜு (1898–1976) நாடகக் குழுவோடு திரை தீட்டிச் சுற்றியவர். நாட்காட்டித் தெய்வப் படங்களால் தமிழர் வீடுதோறும் நுழைந்தவர். நாடக மேடை, ஸ்டூடியோ, நாட்காட்டி ஆகிய மூன்றையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்து எழுதுவது நம் ஆய்வுப் பழக்கம். அந்தக் கலைஞர்களின் வாழ்க்கை அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

மொழியியல் படித்தவனுக்கு இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் நகர முடியவில்லை. ‘திரை’ என்னும் சொல் அலையையும் குறிக்கும், மறைப்பையும் குறிக்கும், முதுமையில் தோலில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும். மூன்றிலும் மடிப்பு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைத்திரையை ‘எழினி’ என்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என வகைப்படுத்துகிறது. நாடகக் கம்பெனிக் காலத்துச் சொல்லான ‘படுதா’ பாரசீகப் பர்தாவின் தமிழ் வடிவம். ஸ்டூடியோக்காரர்களிடம் ‘சீன்’, ‘சீனரி’, ‘பேக்ரவுண்டு’ என்ற சொற்கள் புழங்குகின்றன. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிக்கொள்பவரை நோக்கி ‘சீன் போடாதே’ என்று சொல்லும் இன்றைய இளைஞர், ஸ்டூடியோத் திரையின் தத்துவத்தை இரண்டு சொற்களில் சொல்லிவிடுகிறார்.

ஆனால் அந்தத் திரையை வெறும் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அர்ஜுன் அப்பாதுரை 1997இல் காலனியப் பின்திரை குறித்து எழுதிய கட்டுரையும், அதே ஆண்டில் கிறிஸ்டோபர் பின்னி மத்தியப் பிரதேசத்தின் நாக்தா நகர ஸ்டூடியோக்களை முன்வைத்து எழுதிய ‘கேமரா இண்டிகா’ நூலும் இதை நமக்குக் கற்றுத் தந்துள்ளன. அங்கே நிற்பவருக்குத் தம் பின்னால் இருப்பது துணி என்று நன்றாகத் தெரியும். தாம் இருக்கும் இடத்தை அன்று, தாம் இருக்க விரும்பும் இடத்தையே அவர் பின்னால் நிறுத்துகிறார். பின்திரை என்பது படமெடுப்பவரும் எடுத்துக்கொள்பவரும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் சிக்கலின் கனம் விளங்கும்.

ஒப்பந்தம் ஓரத்தில் முறிந்தபோது பழைய ஸ்டூடியோக்காரர்கள் என்ன செய்தார்கள்? திரை முடியும் இடத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். தனியாக ஒரு துணியை மடிப்பு விழத் தொங்கவிட்டார்கள். சுவரிலேயே வண்ணம் பூசித் திரையின் நிறத்தைத் தொடர்ந்தார்கள். ஆட்களை நெருக்கி, ஓரத்தில் நிற்பவரைத் தோள் திருப்பிப் பக்கவாட்டில் நிற்கச் செய்தார்கள். நம் தாத்தாக்களின் படங்களில் ஓரத்து இளைஞர்கள் ஏதோ கோபித்துக்கொண்டதைப் போல் சாய்ந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் திரையின் அகலம்.

இவை கேமராவுக்கு முன்னால் செய்தவை. பின்னால் செய்தவையே மிகுதி. கண்ணாடி நெகட்டிவில் வேண்டாத பகுதியின்மேல் ஒளிபுகா மை தீட்டினால் அச்சில் அந்த இடம் வெள்ளையாகும். முட்டை வடிவ ஓட்டையுள்ள அட்டையை இடையில் வைத்து அச்சிட்டால் ஓரங்கள் மெல்லக் கரைந்து மறையும். எல்லாவற்றையும்விட எளியது வெட்டுவது. ஃபுல் பிளேட் கண்ணாடியில் திரையின் முடிவு, அதைக் கட்டிய கயிறு, பக்கத்துச் சுவர் என எல்லாம் பதிந்திருக்கும். வாடிக்கையாளர் கைக்குப் போகும் அட்டைப் படத்தில் இவை இரா. எனவே வீடுகளில் உள்ள அச்சுப்படத்தையும் ஸ்டூடியோவில் தங்கிய நெகட்டிவையும் ஒரே படம் என்று கருதுவது தவறு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னாக்கம் செய்ததன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அத்தகைய சேகரிப்பு இல்லையென்றால் ஸ்டூடியோ நமக்குக் காட்ட விரும்பிய எல்லை மட்டுமே நம் வரலாற்றின் எல்லையாகவும் இருந்திருக்கும்.

ஒட்டுவதும் பழைய கலைதான். 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டைத் தனித்தனியாக எடுத்து, 21 அச்சுகளை அருகருகே ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத் தொடர்படம் ஒன்றை உருவாக்கினார். தம் காகித நெகட்டிவ்களில், வெற்றாக விழுந்த வானத்தில், கையால் மேகம் தீட்டியவரும் அவரே. ஒரே மனிதரின் இரு செயல்கள். கல்வெட்டுக்குத் தேவைப்பட்டது தொடர்ச்சி, வானத்துக்குத் தேவைப்பட்டது அழகு. மாண்ட்ரியலில் வில்லியம் நாட்மன் 1870இல் பனிச்சறுக்குத் திருவிழா ஒன்றைப் படமாக்கியபோது ஏறத்தாழ 300 பேரை ஸ்டூடியோவில் தனித்தனியாகப் படமெடுத்து, வெட்டி, ஓவியர்கள் தீட்டிய அரங்கக் காட்சியின்மேல் ஒட்டினார். அந்தக் கூட்டம் அப்படி ஒருநாளும் ஒன்றாக நின்றதில்லை. குழுப்படத்தின் பின்புலத்தை ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்ப்பது என்ற எண்ணம் அன்றே முழுமையாக இருந்திருக்கிறது. இல்லாதது வேகம் மட்டுமே.

வேகம் 1990இல் ஃபோட்டோஷாப்புடன் வந்தது. முதலில் குளோன் ஸ்டாம்ப்: திரையின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பதிப்பது. வெற்றுத் திரையாக இருந்தால் இன்றும் கடைகளில் செய்வது இன்னும் எளிய வேலை. கேன்வாஸை அகலப்படுத்தி, கடைசி ஆளின் தோளுக்கும் திரையின் முடிவுக்கும் இடையே உள்ள பட்டையைத் தெரிவுசெய்து, கண்ட்ரோல்–டி அழுத்தி வெளிநோக்கி இழுப்பார்கள். துணி ரப்பராகிவிடும். தூண் வரைந்த திரையை இப்படி இழுத்தால் தூண் பருத்துப் பானையாகும் என்பதால், இடப்பக்கத்தைப் பிரதியெடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, வலப்பக்கத்தில் ஒட்டுவதும் உண்டு. அப்போது ஓவியத்தில் இடமிருந்து விழுந்த வெளிச்சம் வலப்பக்கத் தூணில் வலமிருந்து விழும். பழைய படத்தில் இரு பக்கமும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருந்தால் ஐயுறுங்கள். அந்தத் திரைகளைத் தீட்டியவர்கள் சமச்சீரை அவ்வளவாக விரும்பவில்லை. இழுக்கப்பட்ட இடத்தில் படத்தின் மணிகள் நீண்டிருப்பதும், துணியின் நெசவு திடீரெனத் தடிப்பதும், தரை விரிப்பின் கோடு ஓரிடத்தில் முறிவதும் பிற தடயங்கள்.

2007இல் ஷாய் அவிதானும் ஏரியல் ஷமீரும் வெளியிட்ட தையல்வழிச் செதுக்கல் முறை இந்தப் போக்கில் ஒரு திருப்பம். ஒரு படத்தில் சுற்றியுள்ளவற்றிலிருந்து அதிகம் வேறுபடாத புள்ளிகளின் பாதையைக் கணினியே கண்டுபிடித்து, அந்தப் பாதை வழியாகப் படத்தைச் சுருக்கும் அல்லது விரிக்கும். முகமும் உடலும் வளையாமல் பின்புலம் மட்டும் வளரும். இதையொத்த வசதி அடுத்த ஆண்டே ஃபோட்டோஷாப்பில் வந்தது. 2010இல் சுற்றியுள்ள பகுதியைப் பார்த்து வெற்றிடத்தைத் தானே நிரப்பும் வசதியும், 2023இல் இல்லாத காட்சியைப் புதிதாக உருவாக்கி நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வசதியும் சேர்ந்தன. இவற்றின் கணிதத்தைவிட அவற்றுக்குள் இருக்கும் தீர்ப்பே என்னை ஈர்க்கிறது. தையல்வழி முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முக்கியத்துவ மதிப்பு கணிக்கப்படுகிறது. வெற்றுச் சுவருக்கு அது மிகக் குறைவு. வரலாற்று மாணவனுக்கு அந்தச் சுவரே படத்தின் முதன்மைச் சான்றாக இருக்கக்கூடும். முக்கியத்துவம் என்ற ஒரே சொல்லை நிரலாளரும் நாமும் எதிரெதிர்ப் பொருளில் பயன்படுத்துகிறோம்.

இதை நான் நேரில் கண்டது போடிமெட்டுப் பகுதியில். எல்லைப்புறப் பேச்சுவழக்குகளுக்காகச் சென்ற களப்பணி அது. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி. காலையில் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறி மாலையில் இறங்கும் தமிழ்த் தொழிலாளர்களும், தலைமுறைகளாக மலையிலேயே லயங்களில் வாழ்ந்தவர்களும் அங்கே உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இருவரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். அந்தக் குழப்பத்துக்கு அரசியல் விலை இருந்தது. 1950களில் மாநிலங்களைப் பிரித்தமைக்கும் விவாதம் நடந்தபோது, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று, அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள், நிலையான குடிகள் அல்லர் என்பது. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரு தாலுகாக்களும் கேரளத்தில் நின்றன. அந்த முடிவு சரியா தவறா என்பது இங்கே என் பொருளன்று. மலையில் குடியிருந்தார்களா, வந்துபோனார்களா என்ற கேள்வி ஒரு காலத்தில் எல்லைக்கோட்டையே தீர்மானிக்கும் கேள்விகளுள் ஒன்றாக இருந்தது என்பதே பொருள்.

அங்கே ஒரு குடும்பத்தினர் தம் பழைய குழுப்படத்தைக் காட்டினார்கள். பதினொரு பேர். அட்டையின் பின்புறம் பென்சிலில் 1953 என்று எழுதியிருந்தது. பின்னால் தூணும் படிக்கட்டும் தீட்டிய திரை. போடியில் ஒரு ஸ்டூடியோவுக்கு இறங்கிப் போய் எடுத்தது என்பது வீட்டில் வழங்கிய கதை. திரை ஒன்பது பேரோடு முடிந்துவிடுகிறது. பத்தாமவர் பாதித் திரையிலும் பாதிச் சுவரிலும் நிற்கிறார். கடைசியில் நிற்கும் இளம்பெண்ணுக்குப் பின்னால் திரையே இல்லை. சுண்ணாம்பு அடித்த வெறுஞ்சுவர். அதன் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை, மழைநீர் தெறித்த செம்மண் கறை. மேலே, சுவரின் குறுக்கே, வளைந்து வளைந்து ஓடும் நிழல். தகரக் கூரையின் விளிம்பு வெயிலில் விழுத்தும் அலைநிழல் அது.

ஸ்டூடியோவுக்குள் வெயில் நிழல் விழாது. மழைத் தெறிப்பும் இராது. ஆகவே குடும்பக் கதை மாற வேண்டும். அவர்கள் கீழே இறங்கவில்லை. திரைதான் மேலே ஏறியிருக்கிறது. படக்காரர் சுருட்டிய திரையோடு மலையேறி, ஒரு லயத்தின் வெளிச்சுவரில் அதைக் கட்டி, குடியிருந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி எடுத்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் பதினொரு பேரும், கைக்குழந்தையும் முதியவளும் உட்பட, 1953இல் மலையில் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் உள்ள ஒரே சான்று வலது ஓரத்துச் சுவர். ஓர் ஒற்றைப் படத்தை வைத்து எல்லைப் பிரச்சினையைப் பேச நான் துணியவில்லை. இப்படிப்பட்ட நூறு ஓரங்கள் சேர்ந்தால் பேசலாம். அந்த நூறும் இப்போது கடைகளில் நீண்டுகொண்டிருக்கின்றன.

இந்தப் படமும் நீளவிருந்தது. வீட்டில் ஒரு திருமணம். படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வைக்க வேண்டும். கடையில் ஸ்கேன் செய்த இளைஞர், கேட்பதற்கு முன்பே வலப்பக்கத்தில் தூண் ஒன்றை வளர்த்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது; சுவர், கறை, நிழல் எதுவும் இல்லை. சுவரோடு இருக்கும் பிரதியும் வேண்டும் என்று நான் சொன்னபோது, உடன் வந்திருந்த அம்மா, கடைசியில் நிற்கும் பெண்ணின் பேத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாருக்கும் பின்னால அரமணை இருக்கு. எங்க அம்மாச்சி மட்டும் ஏன் தம்பி மண்ணுச் செவுத்துல நிக்கணும்?”

இந்தக் கேள்வியை ஆய்வு முறையியல் நூல் எதுவும் எனக்குத் தந்ததில்லை. பேத்தியின் தர்க்கம் திடமானது. குழுப்படத்தில் இடம் ஒதுக்கும் முறை நாம் அறிந்ததே: நடுவில் மூத்தவர், பக்கத்தில் ஆண்மக்கள், பின்வரிசையில் மருமக்கள், ஓரத்தில் புதிதாக வந்தவர், விதவை, தூரத்து உறவு, வேலையாள். திரை பற்றாமல் போகும்போது அது எல்லாரையும் சமமாகக் கைவிடுவதில்லை. ஏற்கெனவே ஓரத்தில் நிறுத்தப்பட்டவரைத்தான் கைவிடுகிறது. அந்த வீட்டுக்கு அன்று மருமகளாக வந்து சில மாதங்களே ஆன பெண் அவர். 1953இல் கிடைக்காத மாளிகையை ஃபோட்டோஷாப் தருகிறது என்றால், அதைப் பொய் என்று சொல்ல நான் யார்? பின்திரை என்பது ஓர் ஒப்பந்தம் என்று மேலே எழுதினேன். ஒன்பது பேரோடு நிறைவேற்றிய ஒப்பந்தத்தைப் பதினொரு பேருக்கும் நிறைவேற்றச் சொல்கிறார் பேத்தி. படக்காரரின் நோக்கமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். துணி மட்டும் போதவில்லை.

ஆகவே, நீட்டுவதே குற்றம் என்னும் ஆவணக் காப்பகத் தூய்மைவாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. பூந்தொட்டியும் ஒளிபுகா மையும் தொழில்நுட்பம் என்றால் கண்ட்ரோல்–டியும் தொழில்நுட்பமே. வேறுபாடு ஒன்றுதான். ஒளிபுகா மை தீட்டிய கண்ணாடியில் அந்த மை தெரியும்; வெட்டிய அச்சுக்குப் பின்னால் வெட்டாத நெகட்டிவ் ஒன்று இருக்கும். மை தீட்டியவர் தம் திருத்தத்தின் தடயத்தை, விரும்பியோ விரும்பாமலோ, விட்டுச் சென்றார். இன்று ஸ்கேன் செய்த கோப்பின்மேலேயே திருத்தி, அதே பெயரில் சேமித்து, மூல அட்டை செல்லரித்துவிட்டது என்று குப்பையில் போட்டால், எஞ்சுவது நீண்ட திரை மட்டுமே.

நம் துறையில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் சந்தித்ததும் இதே சிக்கல்தான்: பனையோலையின் ஓரம் ஒடிந்திருக்கும், சொற்கள் போயிருக்கும், யாப்போ அந்த இடத்தில் என்ன சீர் வேண்டும் என்று கிட்டத்தட்டச் சொல்லும். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெற்றாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகளில் புள்ளியிட்டு இடம் விடுவது பதிப்பு மரபாயிற்று. யாப்பறிந்த அந்தத் தலைமுறைக்கு இட்டு நிரப்புவது கடினமாக இருந்திராது. கல்வெட்டுப் பதிப்பாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். டிரைப் 21 துண்டுகளாக எடுத்து ஒட்டிய அதே தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகளை 1890களில் ஹூல்ட்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் வெளியிட்டபோது, சிதைந்த எழுத்துகளைப் பகர அடைப்புக்குறிக்குள் இட்டார். அந்த அடைப்புக்குறி செய்யும் வேலை நுட்பமானது. வாசகருக்குத் தொடர்ச்சியான வாசகம் கிடைக்கிறது. கல்லில் தெளிவாக உள்ளது எது, பதிப்பாளர் ஊகித்துப் படித்தது எது என்பதும் தெரிகிறது. நிரப்பலாம், ஆனால் நிரப்பியது தெரிய வேண்டும்.

ஒளிப்படத்துக்கு அந்தப் பகர அடைப்பு இன்னும் வழக்கில் வரவில்லை. கோப்பின் உள்ளே மீத்தரவாக, எந்தப் பகுதி கேமராவால் பதிந்தது, எது பின்னர் உருவாக்கப்பட்டது என்று எழுதி வைக்கும் முறைகளைச் செய்திப்பட உலகம் வகுத்திருக்கிறது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அது உதவாது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பினாலே மீத்தரவு உதிர்ந்துவிடும். ஆய்வேட்டில் படங்களைச் சேர்க்கும் நண்பர்களிடம் நான் சொல்லிவருவது எளிய நடைமுறைதான். அட்டையை முழுவதுமாக, நான்கு விளிம்பும் பின்புறமும் தெரிய, முதலில் ஒரு ஸ்கேன். ஸ்டூடியோவின் பெயர் அச்சிட்ட அடிப்பகுதியை வெட்டாதிருத்தல். எந்த மொழியில், எந்த எழுத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் அச்சிட்டார்கள் என்பது இந்த எல்லைப் பகுதியில் தனி ஆய்வுக்குரிய தரவு. பெயரில் ‘மூலம்’ என்று முடியும் அந்தக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் எதையும் செய்யலாம். விளக்கக் குறிப்பில் ‘வலது ஓரம் நீட்டப்பட்டது’ என்று மூன்று சொற்கள்.

அந்தக் கடையில் இரண்டு பிரதிகள் போட்டோம். தூண் வளர்ந்த பெரிய படம் திருமண வீட்டின் கூடத்துக்குப் போனது. அதில் அம்மாச்சி மாளிகையின் கடைசித் தூணருகே, மற்ற பத்துப் பேரோடும் ஒரே தரையில் நிற்கிறார். சுவரோடு இருக்கும் சிறிய பிரதியை அதே சட்டத்தின் பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே வைத்து ஆணியடிக்கச் சொன்னார் பேத்தி. இளைஞர் ஆணியடிப்பதற்கு முன் அதை வாங்கி ஒருமுறை பார்த்தவர், தகர நிழலைத் தொட்டுக் காட்டி, அது எந்த லயம் என்று எனக்கு அடையாளம் சொன்னார். மழைக்காலத்தில் அந்தக் கூரையின் கீழ் பேச்சே கேட்காதாம்.